அணைத்த பிறகும் பச்சை

அத்தியாயம் 14

பெரியவள் போன வாரம் போனில் "சரி" என்று ஒரு சொல் சொன்னாள். அதற்குக் கைகால் முளைத்து, இன்று காலை தோள்பையோடு வாசலில் வந்து நின்றது.

வந்தவள் சின்னவள், அவளுடைய தங்கை. அப்பாவை இனிமேல் தன் வீட்டிலேயே வைத்துக்கொள்ளப் போவதாக அவள் கூப்பிட்டுச் சொன்னபோது, பெரியவள் ஆய்வுக்கூடத்து இருட்டறையில் இருந்தாள். கண் மைக்ராஸ்கோப்பில், போன் காதுக்கும் தோளுக்கும் நடுவில். நீயும் எவ்வளவுதான் பார்ப்பே, வேலையைப் பார்ப்பியா அவரைப் பார்ப்பியா என்று தங்கை அடுக்கிக்கொண்டே போக, பேச்சை முடித்தால் போதும் என்று இவள் சொன்னதுதான் அந்தச் "சரி".

சாயங்கால ரயிலுக்கு இரண்டு டிக்கெட் எடுத்தாகிவிட்டது.

அப்பா போகக் கூடாது. பெரியவளின் மனதில் இருந்தது அது ஒன்றுதான். அம்மா போய்ச் சேர்ந்து, தனக்கு ஒரு கல்யாணம் கூடிவராமலே நாற்பது தாண்டி, இப்போது அந்த வீட்டில் அவள் வரும்போது கூடத்து விளக்கு எரிகிறது என்றால் அதைப் போட ஒரே ஒரு ஆள்தான். அந்த ஆளின் சட்டைகளைத்தான் சின்னவள் காலையிலிருந்து மடித்துக்கொண்டிருந்தாள்.

அப்பா லிப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். இன்றைக்கும் எந்தக் கட்டடத்து லிப்டில் ஏறினாலும் டாக்டர் நாடி பார்ப்பதுபோல் கதவில் கை வைத்து, இதுக்கு இன்னும் ஆறு மாசம்தான் என்பார். பெட்டியில் முதலில் போனது அவருடைய ஸ்பேனர் பைதான்.

"இது எதுக்குப்பா, ரெண்டு கிலோ இரும்பு?" என்றாள் சின்னவள், முழுக்கைச் சட்டையை மணிக்கட்டுவரை இழுத்துவிட்டபடி.

"உங்க பில்டிங் லிப்ட் மூணாவது மாடியில இழுக்குது. போன தடவையே பார்த்தேன்."

"அதுக்கு கம்பெனிக்காரன் வருவான்."

"அவன் வந்துதான் இழுக்குது."

பெரியவள் சிரித்தாள். சிரித்த வாயோடு, போகாதீங்கப்பா என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்துவிடுவேன், மூணு பேரும் சேர்ந்து சாப்பிடலாம், அப்போது பேசிக்கொள்ளலாம் என்று தனக்குத்தானே ஒரு வாய்தா வாங்கிக்கொண்டாள். செருப்பை மாட்டும்போது, இன்னைக்கும் போகணுமா என்று சின்னவள் கேட்டாள். பேராசிரியர் வருகிறார், போய்த்தான் ஆக வேண்டும் என்றாள் இவள். அப்பா கதவுத் தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

*

பெரியவள் செய்யும் வேலையைப் பற்றி இந்தத் தொடரில் அவ்வப்போது சொல்லி வந்திருக்கிறேன். இன்று அது கொஞ்சம் கூடவே தேவைப்படுகிறது.

கடலில் மிதக்கும் ஒரு வகை ஜெல்லி மீனுக்குப் பச்சையாக ஒளிரும் புரதம் உண்டு. அதைச் செய்யும் ஜீனை எடுத்து பாக்டீரியாவுக்குள் வைத்தால், நீல வெளிச்சத்தில் பாக்டீரியாவும் பச்சையாக மின்னும். ஜீனிலிருந்து ஆர்.என்.ஏ. என்ற செய்தி கிளம்பும். அதைப் படித்துத்தான் செல் அந்தப் புரதத்தைச் செய்யும். பெரியவளின் வேலை, அந்தச் செய்தியின் தலைப்பில் போய் ஒட்டிக்கொள்ளும் இன்னொரு குட்டி ஆர்.என்.ஏ.வைச் செய்வது. தலைப்பு மறைந்தால் செய்தியைப் படிக்க முடியாது. புரதம் நிற்கும். விளக்கு அணையும். வேண்டும்போது ஒரு மருந்துச் சொட்டு விட்டால் அந்தக் குட்டி ஆர்.என்.ஏ. உருவாகும்படி அமைத்திருந்தாள்.

சொட்டு விட்டாள். விளக்கு அணையவில்லை.

நாலு மாதமாக அணையவில்லை. குட்டி ஆர்.என்.ஏ.வை மாற்றி மாற்றி வரைந்து பார்த்துவிட்டாள். ஒவ்வொன்றும் கணக்கில் ஒட்டியது, கண்ணாடிச் சில்லில் ஒட்டவில்லை. இன்று பேராசிரியர் வந்து பார்ப்பார். இன்றும் பச்சைதான் என்றால் இதை மூட்டை கட்டிவிட்டு வேறொருவர் ஆராய்ச்சிக்குக் கை கொடுக்கப் போக வேண்டியதுதான்.

பக்கத்து மேஜைத் தோழிக்கு ஐஸ்பெட்டி என்று பெயர். எங்கே போனாலும் கையில் ஒரு ஐஸ் வாளி இருக்கும். அவள்தான் முதலில் பார்த்தாள்.

"ஏய், எந்த பாட்டில்லேருந்து ஊத்தினே?"

பெரியவள் கையைப் பார்த்தாள். பாக்டீரியாவை வைத்துப் பார்க்கக் கண்ணாடிச் சில்லின்மேல் மெல்லிய ஜெல்லித் தகடு ஒன்று செய்வார்கள், அதில் அதற்கான சாப்பாட்டைக் கலந்து. ஒளிரும் பாக்டீரியா என்றால், தெளிந்த தண்ணீர் போன்ற இளைத்த சாப்பாடுதான் கலப்பது வழக்கம். கொழுத்த மஞ்சள் சாப்பாட்டுக்கு அதற்கே ஒரு மங்கல் ஒளி உண்டு, படம் கலங்கிவிடும். காலையிலிருந்து அப்பாவின் பெட்டியையே நினைத்துக்கொண்டிருந்தவள், இரண்டு தகட்டையும் மஞ்சள் பாட்டிலில் செய்து வைத்திருந்தாள்.

"பாவம், நாலு மாசமா டயட்ல வச்சிருந்தே. இன்னைக்கு விருந்து" என்றாள் ஐஸ்பெட்டி.

திரும்பச் செய்ய நேரமில்லை. எப்படியும் அணையப் போவதில்லை, எந்தச் சாப்பாட்டில் அணையாவிட்டால் என்ன. ஒரு சில்லுக்கு மருந்துச் சொட்டு விட்டாள், இன்னொன்றை ஒப்பிட்டுப் பார்க்க அப்படியே விட்டாள். இரண்டையும் மைக்ராஸ்கோப்பில் ஏற்றி, கேமரா தானாகப் படமெடுக்கும்படி வைத்து, போனைச் சத்தமில்லாமல் ஆக்கிக் கவிழ்த்து வைத்தாள். அதன் வெளிச்சம் படத்தைக் கெடுக்கும்.

கிளம்ப வேண்டிய நேரம் வந்தபோது ஒப்புக்குத் திரையைப் பார்த்தாள். பையைத் தோளில் மாட்டியாகிவிட்டது.

பச்சைக் குச்சி ஒன்று இரண்டாகியிருந்தது. இரண்டு நாலாகியிருந்தது. விருந்துச் சாப்பாட்டில் அவை மளமளவென்று பிரிந்துகொண்டிருந்தன. சொட்டு விடாத சில்லில் எத்தனை பிரிந்தாலும் ஒவ்வொன்றும் பழைய பச்சையோடு பளிச்சென்று இருந்தது. சொட்டு விட்ட சில்லில் அப்படி இல்லை. ஒரு தட்டுச் சோற்றை வந்தவர்கள் எல்லாம் பங்கு போட்டதுபோல், பிரியப் பிரிய ஒவ்வொன்றின் பங்கிலும் பச்சை பாதி பாதியாகக் குறைந்துகொண்டே வந்தது.

பெரியவள் பையைக் கழற்றினாள்.

அப்படியானால் ஆர்.என்.ஏ. ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. இன்று மட்டுமல்ல, நாலு மாதமாகவே. சொட்டு விட்டதுமே புது வெளிச்சம் நின்றுவிட்டது. அவள் பார்த்துக்கொண்டிருந்தது முன்னாலேயே செய்து வைத்திருந்த பழைய வெளிச்சம். அந்தப் புரதம் லேசில் கரையாது. இளைத்த சாப்பாட்டில் பாக்டீரியா பிரியாமல் கிடந்தது; பிரியாததால் வெளிச்சம் பங்காகவில்லை; பங்காகாததால் அப்படியே எரிந்துகொண்டிருந்தது. கட்டளை போய்ச் சேர்ந்துதான் இருக்கிறது. இவள்தான் எரிகிறதே எரிகிறதே என்று அதைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

இன்னும் ஒரே ஒரு தடவை பிரியட்டும், பார்த்துவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்தாள். பிரிந்தது. இன்னும் ஒரு தடவை.

பேராசிரியர் வந்தபோது அவள் சாப்பாட்டு நேரம் தாண்டி வெகு நேரம் ஆகியிருந்தது. அவர் குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"என்னம்மா காட்டறே? ஒண்ணுமே தெரியலையே."

"அதைத்தான் சார் காட்டறேன்."

முதல் படத்திலிருந்து கடைசிப் படம்வரை வரிசையாக ஓட்டிக் காட்டினாள். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மறுபடி ஒரு தடவை ஓட்டச் சொன்னார். எழுந்து போகும்போது, இதையே இன்னும் மூன்று தடவை செய்து காட்டு என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் அகராதியில் அது மாலை போட்டு மேடையேற்றுவதற்குச் சமம்.

ஐஸ்பெட்டி சாப்பிடப் போயிருந்தாள். இருட்டறையில் பெரியவளும் கறுத்துப்போன ஒரு திரையும்தான். நாலு மாத உழைப்பு பலித்துவிட்டது, பார்க்க ஒன்றுமில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. வீட்டுக்குச் சொல்லலாம் என்று போனைத் திருப்பினாள்.

சின்னவள் பதினோரு தடவை கூப்பிட்டிருந்தாள்.

*

வீட்டுக்குள் நுழைந்தபோது பெட்டி வாசலில் நின்றது. அப்பா ஷூ மாட்டிக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார், வேறு யார் வீட்டுக்கோ வந்தவர்போல. மேஜையில் ஒரு தட்டு மூடியிருந்தது. மற்ற இரண்டு தட்டுகளும் கழுவிக் கவிழ்த்தாகிவிட்டது.

சின்னவள் சண்டைக்குத் தயாராக இருந்தாள். அவள் பல் மருத்துவர் ஒருவரிடம் வரவேற்பில் வேலை பார்ப்பவள். வலியோடு வருகிறவர்களைக் குரல் உயர்த்தாமலே உட்காரவைக்கத் தெரியும். அதே குரலில், உனக்கு எங்க நினைப்பு இருக்கான்னு பார்க்கத்தான் கூப்பிட்டேன், இப்ப தெரிஞ்சுபோச்சு என்றாள். பெரியவள் முனைக் கடையில் அப்பாவுக்கு ஒரு வாரத்து மருந்து வாங்கிவரச் சொன்னாள். சின்னவள் கடிகாரத்தைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள், பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு போனாள்.

கதவு சாத்தியதும் பெரியவள் அப்பாவின் எதிரே உட்கார்ந்தாள்.

"அப்பா, போகாதீங்க."

அவர் ஷூவைப் பார்த்தார்.

"அன்னைக்கு ஏதோ நினைப்புல சரின்னுட்டேன். அவ கேட்டதே சரியா காதுல விழலை. நான் அவகிட்ட சொல்லிக்கறேன். டிக்கெட் போனா போகட்டும்."

"அவ கூப்பிடலைம்மா" என்றார் அப்பா. "நான்தான் அவளைக் கூப்பிட்டேன். என்னைக் கூட்டிட்டுப் போன்னு. நான் கேட்டதா உன்கிட்ட சொல்ல வேண்டாம்னு சொன்னதும் நான்தான்."

தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார்கள். அது கிளம்பிப் போனது.

"நான் என்னப்பா குறை வச்சேன்?"

"குறையெல்லாம் ஒண்ணும் இல்லை. மத்தியானம் மத்தியானம் உனக்கு போன் பண்ணுவேனே, அதை எப்ப நிறுத்தினேன் சொல்லு."

நிறுத்தினாரா? நேற்றுகூடப் பேசினாரே. இல்லை, நேற்று இல்லை. முந்தாநாள்? பெரியவள் பின்னோக்கிப் பின்னோக்கிப் போனாள். எங்கேயும் கால் தட்டவில்லை.

"நினைச்சுப் பார்த்து வருத்தப்படணும்னு சொல்லலை" என்றார் அவர். "நீ வர்றே, குளிக்கறே, சாப்பிடறே. மருந்து போட்டுக்கிட்டீங்களாப்பான்னு கேக்கறே. ஆமான்னு சொல்றேன். ஒரு நாள், இல்லைன்னு சொல்லிப் பார்த்தேன். அதுக்கும் சரின்னுட்டு உள்ளே போயிட்டே."

குரலில் கோபம் இல்லை. லிப்டில் என்ன பழுது என்று கட்டடக்காரரிடம் விளக்குவது மாதிரிதான் சொன்னார்.

"உன்கூட இருந்தாலும் நான் தனியாத்தான்மா இருக்கேன். அங்க ஏதாவது சத்தமாவது கேக்கும்."

பெரியவளுக்கு அழுகை வரவில்லை. அவர் அவள் கையைத் தட்டிக்கொடுத்தார்.

"உன் பச்சை விளக்கு என்ன ஆச்சு? இன்னைக்குத்தானே கடைசி?"

"அணைஞ்சுடுச்சுப்பா."

"அப்பாடா" என்றார். உண்மையாகவே சந்தோஷப்பட்டார். "எதுல கோளாறு?"

"கோளாறே இல்லப்பா. நான் பார்த்த விதம்தான்."

அதற்குமேல் விளக்கச் சின்னவள் விடவில்லை. மருந்துப் பொட்டலத்தோடு, டாக்ஸியையும் கையோடு கூட்டி வந்திருந்தாள். ஸ்டேஷனுக்கு நானும் வருகிறேன் என்றாள் பெரியவள். வேண்டாங்கா, வழியெல்லாம் நெரிசல், திரும்பி வர உனக்குக் கஷ்டம் என்று சின்னவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டே சொன்னாள். மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்லு என்று பெரியவள் சொன்னதற்குத் தலையை ஆட்டினாள். பிறகு, இதுவரை சண்டை போட்டவள், அக்காவை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். பெரியவளுக்கு அது எதற்கென்று புரியவில்லை. அப்பாவைப் பார்த்தாள். அவர் டாக்ஸியின் கதவு சரியாகச் சாத்துகிறதா என்று இரண்டு தடவை திறந்து மூடிப் பார்த்துவிட்டு ஏறிக்கொண்டார்.

*

மூடியிருந்த தட்டைத் திறந்து நின்றபடியே சாப்பிட்டாள். என்ன சாப்பிட்டாள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பொழுது சாயத் தொடங்கியது. கூடம் மெல்ல இருட்டியது. விளக்கைப் போட யாராவது எழுந்திருக்க வேண்டும் என்று கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, அந்த யாராவது தான்தான் என்று எழுந்து போய்ப் போட்டாள்.

போன் அடித்தது. மாப்பிள்ளை, சின்னவளின் கணவர். இரண்டு வருஷத்தில் அவர் தானாகக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை.

"அக்கா, அவ அங்க வந்தாளா?"

பெரியவள், இப்போதுதான் கிளம்பினார்கள் என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவரே தொடர்ந்தார். பத்து நாளாக அவள் வீட்டில் இல்லை. வேலைக்கும் போகவில்லை. எங்கே தங்கியிருக்கிறாள் என்று தெரியவில்லை. ஆனால் எங்கே போனாலும் கடைசியில் அப்பாவிடம்தான் வந்து நிற்பாள் என்று தனக்குத் தெரியும். எல்லாவற்றையும் நிதானமாகச் சொன்னார். அவளுக்கு என்ன ஆயிற்றோ என்ற பதற்றம் அந்தக் குரலில் ஒரு பொட்டுக்கூட இல்லை. காணாமல்போன சாவியை விசாரிப்பதுபோல் இருந்தது. காலையிலிருந்து வீட்டுக்குள்ளும் கழற்றாமல் சின்னவள் எதை மறைக்க முழுக்கைச் சட்டையிலேயே இருந்தாள் என்று பெரியவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"இங்க வரலையே மாப்பிள்ளை" என்றாள்.

"மாமா இருக்காரா? ஒரு நிமிஷம் குடுங்க."

"தூங்கறார்."

"இந்த நேரத்துலயா?"

"உடம்பு சரியில்லை. மாத்திரை போட்டிருக்கார்."

"அப்படியா. பரவாயில்லை, நாளைக்குக் காலையில நானே நேர்ல வந்து மாமாவைப் பார்க்கறேன்" என்று வைத்துவிட்டார்.

பெரியவள் உடனே சின்னவளைக் கூப்பிட்டாள், போகவில்லை. அப்பாவைக் கூப்பிட்டாள். அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி கூப்பிட்டாள். எடுத்தார். பின்னால் ஸ்டேஷன் ஒலிபெருக்கி பேசிக்கொண்டிருந்தது. அது சொன்ன ரயிலை, நம்ம வண்டிப்பா என்றாள் பக்கத்தில் சின்னவள். அது அவள் ஊர்ப் பக்கம் போகிற ரயிலே இல்லை.

"எங்கேப்பா போறீங்க?"

"அதைக் கேக்காதேம்மா" என்றார் தணிந்த குரலில். "கேட்டா சொல்லணும். சொன்னா, நாளைக்கு வந்து கேக்கறவன்கிட்ட நீ பொய் சொல்லணும். உனக்கு அது வராது."

"சொல்லிட்டேன்பா. இப்பத்தான். மூணு பொய்."

அந்தப் பக்கம் சின்னவள் ஏதோ கேட்பதும், அவர் ஒன்றுமில்லை என்பதும் கேட்டது. ஆக, அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. மகளுக்காகத்தான் கிளம்பியிருக்கிறார். மத்தியானம் ஷூவைப் பார்த்துக்கொண்டு சொன்னதெல்லாம் அதை மறைக்கச் சொன்னது. பெரியவளுக்குப் பயத்துக்கு நடுவிலும் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. அதைக் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை.

"அப்பா, மத்தியானம் சொன்னீங்களே. என்கூட இருந்தாலும் தனியாத்தான் இருக்கேன்னு. அது சும்மா சொன்னதுதானே? அவளுக்காக?"

ஒலிபெருக்கி நின்றிருந்தது. அவர் பதில் தெளிவாகவே கேட்டது.

"அதுவும் நிஜம்தான்மா."

ரயில் ஒன்று வந்து நிற்கும் சத்தம். கொஞ்ச நாளைக்குக் கூப்பிடாதே, நானே கூப்பிடுகிறேன் என்றார். கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொள் என்றார். போன் நின்றது.

பெரியவள் எழுந்து போய்த் தாழ்ப்பாள் போட்டாள். சின்னவள் குடித்துவிட்டு வைத்த டம்ளரைக் கழுவினாள். குளியலறையில் ஈரமாகக் கிடந்த அவளுடைய துண்டைச் சுருட்டி அலமாரிக்குள் தள்ளினாள். பிறகு அப்பாவின் அறைக்குப் போனாள். கட்டிலில் மெத்தையைச் சுருட்டி, கயிறு போட்டுக் கட்டி வைத்துவிட்டுப் போயிருந்தார், லிப்ட்காரருக்கே உரிய முடிச்சு.

அதை அவிழ்க்க நேரம் பிடித்தது. மெத்தையை விரித்து, தலையணையை வைத்து, உடம்பு சரியில்லாமல் தூங்குகிற ஒருவருக்குப் போர்த்துவதுபோல் போர்வையைக் கழுத்து வரைக்கும் இழுத்துவிட்டாள். மாப்பிள்ளை வருவதற்குள் அந்தக் கட்டிலுக்கு ஒரு கதை வேண்டும். அவளிடம் போர்வை மட்டும்தான் இருந்தது.